ஔவை இல்லம் தோன்றிய வரலாறு
டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டிற் புதுக்கோட்டையிற் பிறந்தவர். அவர்தம் அன்னையார் தேவதாசி மரபினர். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற அம்மையார், பின்னர்ச் சென்னைச் சட்டசபையில் அங்கத்தவராகி, சிறுமியரைக் கோயில்களிற் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வாதாடினர்.

1930-இல் அவ்வழக்கத்துக்கு அஞ்சிய சிறுமியர் சிலர் அவரிடம் அடைக்கலம் புகுந்தனர். குலத்தைக் காரணங்காட்டி மாணவியர் விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையாரோ தம் மனையிலேயே இடமளித்தனர். ஔவையார் பெயர்கொண்ட அறநிலையம் இங்ஙனந் தோன்றியது. பின்னர் அடையாற்றில் நிலைபெற்று, அநாதைச் சிறுமியர்க்கும் ஆதரவற்ற பெண்டிர்க்கும் உணவும் கல்வியும் அளித்தது.

பொட்டுக்கட்டுதலைத் தடுக்குஞ் சட்டம் 1947-இலேயே நிறைவேறிற்று. இல்லத்தின் கதவோ பதினேழாண்டு முன்னரே திறந்துவிட்டது. அம்மையார் 1968-இற் சிவபதமடைந்தனர்.

கோயிலின் பெயரால் நேர்ந்த தீங்குக்குக் கழுவாய் தேடுதல் சைவராகிய நமது கடனென்பதை யாம் ஈண்டு வற்புறுத்துகின்றோம்.