ஜோசப் ஹென்றி

ஜோசப் ஹென்றி (டிசம்பர் 17, 1797 – மே 13, 1878) ஓர் அமெரிக்க இயற்பியலாளர் ஆவார். மின்காந்தத்தை வலிமை மிக்க கருவியாக வளர்த்தெடுத்தவர். நீண்ட கம்பியின் மறுமுனையில் மின்சாரத்தால் மணியை ஒலிக்கச் செய்தவர். தொலைபேசி நிலையங்களின் மின்கல வழங்கு பலகைகளில் பழுது நேரும்போது பணியாளரை அழைக்கும் எச்சரிக்கைச் சுற்றுகளுக்கு இவருடைய சோதனைகள் முன்னோடியாகும்.

இளமை

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில், ஸ்காட்லாந்து வழிவந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் கால்வே என்னும் சிற்றூரில் பாட்டியிடம் வளர்ந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். 13ஆம் வயதில் கடிகார வேலை பழகச் சென்றார். நாடகத்தில் நாட்டம் கொண்டிருந்த இவரை, 16ஆம் வயதில் தற்செயலாகக் கையில் கிடைத்த ஓர் அறிவியல் நூல் திசை திருப்பியது. ஆல்பனி அகாதமியில் கட்டணமின்றிப் பயின்று, 1826இல் அங்கேயே பேராசிரியரானார்.

மின்காந்தமும் மணியும்

ஆங்கிலேயரான பீட்டர் பார்லோ, கம்பி நீள நீள மின்னோட்டம் விரைவாகக் குன்றுவதைக் கண்டு, மின் தந்தி நடைமுறைக்கு ஒவ்வாது என்று 1825இல் முடிவு கட்டியிருந்தார். ஹென்றி கம்பிக்குப் பட்டு உறையிட்டு, இரும்பின் மீது நெருக்கமாகப் பல அடுக்குகள் சுற்றினார். அவ்வாறு யேல் கல்லூரிக்காக 1831இல் செய்த காந்தம் 900 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையைத் தாங்கியது.

எனினும் அதனினும் பெரிய கண்டுபிடிப்பு வேறு. பல குறுஞ்சுருள்களை இணையாக இணைத்த காந்தத்திற்குப் பெரிய தகடுகளுடைய ஒற்றை மின்கலம் போதும். ஒரே நெடுஞ்சுருளாகச் சுற்றிய காந்தத்திற்கோ தொடராக இணைத்த பல சிறு மின்கலங்கள் வேண்டும். தொலைவுக்கு ஏற்றது இரண்டாம் வகையே. ஒரு மைலுக்கு மேற்பட்ட கம்பியை அறையைச் சுற்றி ஓட்டி, அதன் முனையில் இக்காந்தத்தை வைத்தார். மின்னோட்டம் பாய்ந்தவுடன் அருகிலிருந்த நிலைக்காந்தம் திரும்பி ஒரு சிறு மணியை அடித்தது. பார்லோவின் ஐயம் இதனால் நீங்கியது.

ரிலே

1832இல் பிரின்ஸ்டனுக்குச் சென்ற ஹென்றி, அங்கே மாணவர்களுக்கு ஒரு சோதனை காட்டினார். தொலைவிலிருந்து வந்த மெல்லிய மின்னோட்டம் சிறு காந்தத்தை இயக்கியது. அது பாதரசக் கிண்ணத்திலிருந்து ஒரு கம்பியைத் தூக்கி, வேறொரு மின்கலத்தின் சுற்றைத் துண்டித்தது. அச்சுற்றில் இருந்த பெருங்காந்தம் தன் சுமையை நழுவவிட்டது. மெல்லிய மின்னோட்டம் சுமையைத் தொடவில்லை, கட்டளை மட்டுமே இட்டது. இதுவே ரிலேயின் அடிப்படை.

தொலைத்தொடர்பு நிலையங்களில் பொதுவாக 48 வோல்ட் மின்கலத் தொகுதி, நேர்முனை நிலத்துடன் இணைக்கப்பட்டு இயங்குகிறது. எச்சரிக்கை வசதியுள்ள உருகி எரிந்தால் அதிலுள்ள வில் விடுபட்டு எச்சரிக்கைக் கம்பியைத் தொடும், ரிலே இயங்கும், மணியோ விளக்கோ தனிச்சுற்றில் செயல்படும். மின்வழங்கலே அற்றுப்போவதை அறிவிக்கும் ரிலே பெரும்பாலும் எப்போதும் மின்னூட்டப்பட்ட நிலையிலேயே வைக்கப்படும். மின்சாரம் நின்றால் மட்டுமன்று, அதன் கம்பி அறுந்தாலும் அது விடுபட்டு எச்சரிக்கும். தலைகீழாகத் தோன்றினும் இதுவே பாதுகாப்பான முறை.

சுருளின் இணைப்பைத் துண்டிக்கும்போது பொறி எழுவதையும் ஹென்றி ஆராய்ந்து, தன்தூண்டலைப் பற்றி 1832இல் வெளியிட்டார். ரிலேச் சுருளுக்குக் குறுக்கே டையோடு இணைக்கப்படுவது இவ்விளைவைத் தணிக்கவே.

மோர்சுடன் பிணக்கு

தம் கண்டுபிடிப்புகள் எதற்கும் ஹென்றி காப்புரிமை பெறவில்லை. சாமுவேல் மோர்சின் தந்தி நெடுந்தொலைவு செயல்பட, லெனார்டு கேல் எடுத்துரைத்த ஹென்றியின் கட்டுரை துணைபுரிந்தது. பின்னர் காப்புரிமை வழக்கில் ஹென்றி சாட்சியம் அளித்தார். சினமுற்ற மோர்ஸ் 1855இல் அவரை மறுத்து எழுதினார். ஸ்மித்சோனியன் ஆட்சிக்குழு விசாரித்து 1858இல் ஹென்றியின் பக்கம் நின்றது.

பிற்காலம்

1846 முதல் இறக்கும் வரை ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் செயலாளராக இருந்தார். தந்தி வழியே வானிலைச் செய்திகளைத் திரட்டினார். 1865 ஜனவரியில், புகைபோக்கிக்கு மாறாகச் சுவரின் இடைவெளியில் செருகப்பட்ட அடுப்புக் குழாயால் கட்டடம் தீப்பற்றி, அவருடைய கடிதங்களும் ஆவணங்களும் பெருமளவு அழிந்தன. கலங்கரை விளக்க வாரியத்திலும் பணியாற்றி, மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் ஒலிக் கருவிகளைச் சோதித்தார். வாஷிங்டனில் காலமானார். 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, தூண்டத்தின் அலகுக்கு ஹென்றி எனப் பெயரிட்டது.