தேவர்களையும் விட்டுவைக்காத அரிஸ்டோபனீஸ்

கி.மு. 431இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே யுத்தம் மூண்டபோது அரிஸ்டோபனீஸுக்கு ஏறக்குறைய 15 வயது. ஏதென்ஸைச் சூழ்ந்த கிராமங்களின் மக்கள் காணிகளையும் வீடுகளையும் விட்டு, நகர மதில்களுக்குள் இடம்பெயர்ந்தார்கள். கோயில்களிலும் குடிசைகளிலும் தங்கினார்கள். அவர்களுடைய திராட்சைத் தோட்டங்களை எதிரிப்படை அழித்தது. அடுத்த ஆண்டு, அந்த நெரிசலுக்குள் கொள்ளைநோய் புகுந்தது. இந்த மக்களைத்தான் அவர் பின்னர் அரங்கில் சிரிக்க வைத்தார்.

கி.மு. 426இல் அவரது நாடகமொன்று மேடையேறியதும், செல்வாக்குமிக்க அரசியல்வாதி கிளியோன் அவர்மீது முறைப்பாடு செய்தார். வெளியூரார் முன்னிலையில் நகரை இழிவுபடுத்தினார் என்பதே குற்றச்சாட்டு. அரிஸ்டோபனீஸ் அடங்கவில்லை. அடுத்த ஆண்டு 'அக்கார்னியர்' நாடகத்தில், யுத்தத்தில் சலித்த விவசாயி ஒருவன் தன் குடும்பத்துக்கு மட்டும் எதிரியுடன் தனியாகச் சமாதானம் செய்துகொள்கிறான். அவனது சந்தைக்கு மெகாரா நகரத்தவன் ஒருவன் வருகிறான். மெகாரா எதிரி நகரம். ஏதென்ஸ் அதன்மீது வர்த்தகத் தடை விதித்திருந்தது. பசி தாங்காத அந்தத் தந்தை, தன் இரு மகள்மாரையும் பன்றிக்குட்டிகளாக வேடமிட்டுச் சாக்கில் கொண்டுவந்து, உள்ளிக்கும் உப்புக்கும் விற்கிறான். ஒரு காலத்தில் மெகாராவே விற்ற பொருட்கள் அவை. எதிரியின் பட்டினியைத் தன் நகரத்துக்கே காட்டிய அந்த நாடகத்துக்கு முதற்பரிசு கிடைத்தது.

கி.மு. 424இல் 'குதிரை வீரர்' நாடகத்தில் கிளியோனை, எசமானை ஏமாற்றும் அடிமையாக்கினார். அந்த எசமானின் பெயர் 'மக்கள்'. ஏதென்ஸ் சிரித்தது, முதற்பரிசும் தந்தது. சில வாரங்களில் அதே கிளியோனைத் தளபதியாகவும் தெரிவுசெய்தது.

தேவர்களும் தப்பவில்லை. கி.மு. 421இல் வந்த 'சமாதானம்' நாடகத்தில் ஒரு விவசாயி சாணிவண்டின் முதுகிலேறி வானுலகம் போகிறான். மனிதரின் ஓயாத சண்டையில் வெறுத்துத் தேவர்கள் வீடு மாறிவிட்டார்கள். சமாதான தேவி குகையில் புதைக்கப்பட்டிருக்கிறாள். காவலுக்கு நிற்கும் ஹெர்மிஸ் தெய்வம் கைலஞ்சத்துக்கு மசிகிறது. விவசாயிகளே கயிறு கட்டி அவளை வெளியே இழுக்கிறார்கள். அரிவாள் செய்பவன் மகிழ்கிறான். ஆயுத வியாபாரிகள் புலம்புகிறார்கள். அந்த நாடகம் மேடையேறிய சில நாட்களில் உண்மையிலேயே உடன்படிக்கை கைச்சாத்தானது. அது நிலைக்கவில்லை.

அவரது சிரிப்பு தவறான இடத்திலும் பாய்ந்தது. 'மேகங்கள்' நாடகத்தில் சோக்கிரட்டீஸைத் தெய்வ நம்பிக்கையற்ற ஏமாற்றுக்காரராகச் சித்திரித்தார். 24 ஆண்டுகளின் பின் சோக்கிரட்டீஸ் மரண தண்டனைக்கு உள்ளானபோது, மக்களின் மனதில் அந்தச் சித்திரம் இருந்ததாக பிளேட்டோ எழுதினார்.

கி.மு. 405இல் 'தவளைகள்' நாடகத்தில், நாடக விழாவின் தெய்வமான டயனீசஸையே பயந்தாங்கொள்ளியாகப் பாதாளத்துக்கு அனுப்பினார். அதே நாடகத்தின் நடுவே, குடியுரிமை பறிக்கப்பட்டவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும்படி நகரிடம் கேட்டார். மறு ஆண்டு ஏதென்ஸ் சரணடைந்தது, மதில்கள் இடிக்கப்பட்டன.

அவர் எழுதிய ஏறத்தாழ 40 நாடகங்களில் 11 மட்டுமே முழுமையாக எஞ்சியுள்ளன. அவரை வாய் மூடச் செய்ய முயன்ற கிளியோனை, இன்று பலரும் அந்த நாடகங்கள் வழியாகவே அறிகிறார்கள்.