களைப்பின் இருப்பிடத்தைக் கண்டறிந்த ஷெரிங்டன்

கால் தசைகளின் ஒத்திசைவுக்குத் தண்டுவடமே அடிப்படை என்பதை விளக்கிய பிரிட்டன் உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஸ்காட் ஷெரிங்டன், 1857 நவம்பர் 27-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், 1895-இல் லிவர்பூலில் பேராசிரியரானார்.

முழங்காலை நீட்டும் தசை சுருங்கும்போது, அதனை மடக்கும் தசைக்கான தூண்டலைத் தண்டுவடம் தடுத்துவிடுகிறது என அவர் நிறுவினார். இந்த இணக்கம் இல்லையெனில் நடப்பதே இயலாது. நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்துக்கு 1897-இல் ‘சினாப்ஸ்’ என்ற பெயரை அறிமுகப்படுத்தியவரும் அவரே.

தொடர்ந்து தூண்டினால் அனிச்சைச் செயல் ஓய்வது தசைச் சோர்வால்தான் எனத் தோன்றும். ஆனால், நாயின் தோலில் ஓரிடத்தைத் தூண்டி, காலின் சொறியும் அசைவு தளர்ந்த பிறகு, வேறோர் இடத்தைத் தூண்டியதும் அதே தசைகள் மீண்டும் வலுவாக இயங்கின. தசைக்கு முன்பாகத் தண்டுவட நரம்புவழியே களைப்படைகிறது என்பதை 1906-இல் வெளியான தமது நூலில் அவர் விளக்கினார்.

முதல் உலகப் போரின்போது, 1915-இல், பர்மிங்ஹாமில் பீரங்கிக் குண்டுத் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். நீண்ட நேர உழைப்பால் தொழிலாளர்களுக்கு ஏற்படும் களைப்பை 57 வயதில் நேரில் உணர்ந்து ஆராய்ந்தார்.

1932-இல் எட்கர் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஷெரிங்டன், 1952 மார்ச் 4-ஆம் தேதி 94-ஆவது வயதில் காலமானார். தண்டுவடக் காயம், பக்கவாதம் ஆகியவற்றால் தசை இறுக்கத்துக்கு ஆளானோரின் நிலையை மருத்துவர்கள் புரிந்துகொள்ள அவரது ஆய்வுகள் இன்றும் துணைநிற்கின்றன.