டிகிரி இல்லாத பாரிஸ்டர்

நண்பர்களே, டிகிரி இருக்கா என்று கேட்டே நம்மைத் திருப்பி அனுப்புகிறார்கள் இல்லையா? காந்திஜி பட்ட பாட்டைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கல்லூரியைப் பாதியில் விட்டவர், 1888-ல் லண்டன் போய் இன்னர் டெம்பிளில் சேர்ந்து, 1891-ல் பாரிஸ்டர் ஆனார். பம்பாயில் முதல் வழக்கு. 30 ரூபாய் ஃபீஸ். குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்கு வாயே வரவில்லை. ஃபீஸைத் திருப்பி வாங்கிக்கச் சொல்லிவிட்டார். பிறகு 75 ரூபாய் சம்பளத்தில் ஆங்கில வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டார். பட்டதாரி இல்லை என்று அதுவும் போச்சு! பாரிஸ்டருக்கே இந்தக் கதி. ராஜ்கோட்டில் மனு எழுதிக் காலம் தள்ளினார். 1893-ல் ஒரு வருட ஒப்பந்தம், 105 பவுண்டு என்று தென்னாப்பிரிக்கா போனார். 1894-ல் டர்பனில், எஜமானன் அடித்துப் பல் உடைந்து, ரத்தம் ஒழுக அவர் முன் வந்து நின்றவர் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி. காந்தி அவரை வேறு எஜமானிடம் மாற்றிவிட்டார். அதற்கப்புறம் ஒப்பந்தக் கூலிகள் அந்த ஆபீசுக்கு வரத் தொடங்கினார்கள்.