மடத்தூரும் மகாவித்துவானும்

கோட்டையைச் சுற்றி எழுந்த ஊர்கள் உண்டு. சந்தையால் செழித்த ஊர்கள் உண்டு. துறவியரின் உறைவிடத்தைச் சூழ்ந்து வளர்ந்த ஊர்களும் உண்டு. பிரான்சு நாட்டில் குரோன் ஆற்றங்கரையிலுள்ள குளூனி இம்மூன்றாம் வகையினது. கி.பி. 910-இல் நிறுவப்பெற்ற துறவியர் மடமே அச்சிற்றூரின் கருவாயிற்று. திருச்சபையின் கண்டனத்திற்கு ஆளான பேரறிஞர் அபெலார்டு தம் இறுதி நாளில் அடைக்கலம் பெற்றதும் அம்மடத்திலேயாம். காவிரித் தென்கரைத் திருவாவடுதுறை அவ்வூரை நினைவூட்டும் நம் ஊர். பழம்பதியாகிய அதனைப் பதினாறாம் நூற்றாண்டில் நமசிவாயமூர்த்திகள் தொடங்கிய சைவ ஆதீனம் கல்விப்பதியாகவும் வளர்த்தது. ஓதுவாரும் இசைவாணரும் வடமொழி வல்லுநரும் ஏடெழுதுவோரும் அங்குக் கூடினர். அங்குப் புகலும் புகழும் பெற்றவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

திருச்சிராப்பள்ளிப் பகுதியில் 1815 ஏப்ரல் 6-ஆம் நாள் பிறந்த அவருக்குத் தந்தையார் சிதம்பரம் பிள்ளையே முதலாசிரியர். இளமையிலேயே தந்தையை இழந்தபின், நூலறிந்தார் எவரேனும் உளர் எனக் கேட்ட இடமெல்லாம் தேடிச் சென்றார். தண்டியலங்காரம் கற்க அவருக்குக் கிடைத்த ஆசான், வீடுதோறும் இரந்துண்ட ஒரு பரதேசி. அவர் பின்னே தெருத் தெருவாக நடந்து அந்நூலைப் பாடங்கேட்டார். ஏடு வைத்திருப்போர் எளிதிற் காட்டாத காலம் அது.

இவ்வாறு அரிதிற் பெற்றதை அவர் எளிதில் வழங்கினார் என்பதே அவர் வாழ்வின் சாரம். மாயூரத்தில் குடியேறிய பின்னும் அவர் இல்லம் பள்ளியாகவே விளங்கிற்று. பொருள் வாங்காது கற்பித்ததோடு, வறிய மாணவர்க்கு உணவும் அளித்தார். நாகூர்க் குலாம் காதிறு நாவலர், கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை, குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியார் என அவருடைய மாணவர் பல சமயத்தினர். முனிசீப்பு வேதநாயகம் பிள்ளையோ நண்பரும் புரவலருமாகித் தம்மீது பிள்ளையவர்கள் குளத்தூர்க் கோவை பாடும் அளவிற்கு நெருங்கியிருந்தார்.

ஆதீனத் தலைவர் அம்பலவாண தேசிகர் 'மகாவித்துவான்' என்னும் பட்டம் வழங்கினார். அவருக்குப்பின் வந்த மேலகரம் சுப்பிரமணிய தேசிகரும் அவரைப் போற்றிப் புரந்தார். பிள்ளையவர்கள் சொல்லச் சொல்ல மாணவர் எழுத்தாணியால் ஏட்டில் எழுதுவர். எழுதுவோர் கைதான் களைக்கும். தலபுராணங்கள் இருபதுக்கு மேல், பிள்ளைத்தமிழ் பத்து, அந்தாதிகள் பல என நூல்கள் பெருகின. சேக்கிழார் பிள்ளைத்தமிழ் அவற்றுள் தலைசிறந்தது.

ஆயினும், கவிஞராகிய நாம் எண்ண வேண்டிய ஒன்றுண்டு. அப்புராணங்களுட் பெரும்பாலன ஊரார் வேண்டப் பாடப்பட்டவை. அரங்கேற்றத்தன்று ஊரே திரண்டு போற்றியவற்றை இன்று நாடிப் படிப்போர் மிகச் சிலரே. புகழ் மிகுந்திருந்தும் வறுமை அவரை விட்டதில்லை. இறுதிக் காலத்தில் கடன் வருத்தியது. 1876 பிப்ரவரி 1-ஆம் நாள், திருவாவடுதுறையில், சவேரிநாத பிள்ளை தாங்கியிருக்க, உ.வே. சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓத, அவர் உயிர் பிரிந்தது. கிறித்தவரும் வைதிகரும் ஒருங்கே மக்களாய் நின்ற அக்காட்சியைவிட அவருக்குரிய சிறப்பு வேறில்லை.

1871-இல் தம் பதினேழாம் பிராயத்தில் அவரை அடைந்த சாமிநாதையர், ஆசிரியர் மறைந்தபின் மடத்திலேயே தங்கிக் கற்றார். 1880-இல் குடந்தைக் கல்லூரி ஆசிரியரானார். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டும் சிலம்பும் புறநானூறும் தொடர்ந்து வெளிவந்தன. இவை ஆசிரியரிடம் அவர் பாடங்கேட்ட நூல்கள் அல்ல. எனினும், அயராது கற்கும் பயிற்சியும் ஏட்டைப் போற்றும் பண்பும் ஆசிரியர் இட்ட வித்தே. அக்கடனை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு பாக வரலாற்றால் மாணவர் தீர்த்தார்.

குளூனியின் பெருங்கோயில் பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் இடிக்கப்பட்டு, எஞ்சிய பகுதிகளே இன்று நிற்கின்றன. திருவாவடுதுறை மடம் இன்றும் இயங்கி வருகிறது. கட்டடம் நிற்பினும் வீழினும், அங்கு ஒருவர் மற்றொருவர்க்குக் கற்பித்தது மட்டும் அழிவதில்லை.

காவிரியில்லாத நம் திண்டுக்கல் சமவெளியில், மலைக்கோட்டை நிழலில், பத்தாண்டுகளாகக் கூடிவரும் நம் வட்டத்திற்கு அவர் வாழ்வு விடுக்கும் வினா ஒன்றே: எத்தனை கவிதை எழுதினோம் என்பதை நாம் கணக்கிடலாம், எத்தனை பேரை எழுதவும் கற்கவும் தூண்டினோம்? அதற்கான விடையே நம் அடுத்த பத்தாண்டின் பணியாகுக.