நஞ்சை ஆராய்ந்த மருத்துவர்

சேலம் சமவெளியின் கடலைக்காடுகளில் உழவர் பெரிதும் அஞ்சுவது கண்ணாடி விரியன். தொலைவில், கடலடிப் பாறைகளிடையே வாழ்வது தேள்மீன் குடும்பத்தைச் சேர்ந்த சிங்கமீன். நஞ்சுடைய இவ்விரண்டின் அறிவியற் பெயர்களிலும் ஒரே மருத்துவரின் பெயர் இடம்பெற்றுள்ளது. அவர் பேட்ரிக் ரஸ்ஸல்.

எடின்பரோவில் பிறந்த ரஸ்ஸல், சிரியாவின் அலெப்போ நகரில் கொள்ளைநோய் பரவியபோது மருத்துவப் பணியாற்றியவர். பின்னர்த் தம்பியுடன் விசாகப்பட்டினம் வந்தார். 1785இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளரானார். எல்லாப் பாம்புகளுக்கும் மக்கள் நடுங்கிய காலம் அது. நஞ்சுள்ளவற்றை இனங்காணும் வழியை அவர் தேடினார்; நச்சுப்பற்களே உறுதியான அடையாளம் எனக் கண்டார். கடிக்கு மருந்தெனப் புகழ்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் கேள்விப்பட்டவாறே ஏற்காமல் சோதித்துப் பார்த்தார்.

கடற்கரையில் அவர் திரட்டிய இருநூறு மீன்களின் படங்களும் விளக்கங்களும் 1803இல் நூலாயின. மீன்களுக்கு உள்ளூர் வழக்கிலிருந்த பெயர்களையே அவர் தந்தது போற்றத்தக்கது. மீனவரின் அறிவை ஏட்டில் ஏற்றிய செயலன்றோ அது!

சிங்கமீன் தானாக மனிதரைத் தாக்குவதில்லை. விசிறி போன்ற பக்கத் துடுப்புகளை விரித்து இரையை மடக்கும். முதுகிலுள்ள 13 முட்களோ தற்காப்புக்கானவை. முள் தைத்தால் அதன் மேலுறை கிழிந்து, பள்ளத்திலுள்ள நஞ்சு புண்ணில் இறங்கும். அந்நஞ்சு புரதமாதலின், பொறுக்கத்தக்க வெந்நீரில் அவ்வுறுப்பை வைத்திருந்தால் வலி தணியும்.

ரஸ்ஸல் 1805இல் மறைந்தார். பென்னட் என்னும் அறிஞர் 1831இல் அம்மீனுக்கு அவர் பெயரைச் சூட்டினார்.