தங்கவயலுக்கு முன்னோடி வாரன் துரை

திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கோலார்த் தங்கவயலின் பெயரைக் கேளாத வீடு மிகச் சிலவே. அன்றைய வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பல்லாயிரவர் அச்சுரங்கங்களுக்கு வேலை தேடிச் சென்றனர். நம்முள் சிலருக்கு அவர்கள் பாட்டன்மார், சிலருக்குத் தந்தைமார். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அங்கிருந்து இப்பக்கம் வந்து குடியேறியோரும் நம்மிடையே உளர்.

தங்கவயலின் வரலாற்றைக் கூறுவோர் லவெல்லி துரையையோ, ஜான் டெய்லர் கம்பெனியையோ முதலாகக் கொண்டு தொடங்குவது வழக்கம். அவர்களுக்கு எழுபது ஆண்டுகள் முன்னரே அம்மண்ணில் பொன் உண்டு என்று ஆராய்ந்து எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. அவரே ஜான் வாரன். பொன்னைப் பற்றி மட்டுமன்றித் தமிழர் காலக் கணக்கைப் பற்றியும் நூல் இயற்றியவர் அவர். அப்பெரியாரின் வாழ்வை இவ்வாண்டு விழா மலரில் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

இளமையும் படை வாழ்வும்

வாரன் 1769ஆம் ஆண்டு பிறந்தார். அயர்லாந்திலிருந்து வந்து பிரான்சு நாட்டிற் குடியேறிய உயர்குலம் ஒன்றைச் சேர்ந்தவர். பிரெஞ்சுப் புரட்சியால் அந்நாட்டு உயர்குடியினர் பலர் நிலைகுலைந்த காலத்தில் அவர் இந்தியா வந்து, ஆங்கிலேயரின் 33ஆம் காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். குலத்தால் பிரெஞ்சுக்காரர், பணியால் ஆங்கிலேயர் என்னும் இந்நிலை அவரது வாழ்வு முழுதும் தொடர்ந்தது. சொந்த மண்ணை விட்டுப் பிறர் மண்ணிற் பிழைக்க வந்தவர் என்ற முறையில் அவர் நமக்கும் ஒருவகையில் உறவினரே.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், மைசூர் நாட்டை அளந்து படம் வரையும் பணி தொடங்கிற்று. அதற்குத் தலைவராய் இருந்தவர் காலின் மெக்கன்சி. அதே காலத்தில், வாரனின் படைப்பிரிவைச் சேர்ந்த வில்லியம் லாம்டன் பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். கணிதத்தில் வல்லவரான வாரன் இவ்விருவருக்கும் உதவியாளராய் விளங்கினார்.

ஊரிகத்தில் கண்டது

1802ஆம் ஆண்டு மைசூரின் கிழக்கெல்லையை அளந்து வருகையில், இக்குன்றுகளின் பக்கத்து மண்ணிற் பொன் கிடைக்கின்றது என்னும் செய்தி வாரனின் செவிக்கு எட்டிற்று. வேறு அதிகாரியாயின் ஊர்ப்பேச்சு என்று தள்ளியிருக்கக்கூடும். வாரனோ, பொன் எடுத்துக் காட்டுவோர்க்குப் பரிசு உண்டென்று அறிவித்தார். ஊரிகத்தைச் சேர்ந்த மக்கள் மாட்டு வண்டிகளில் மண்ணை ஏற்றிக் கொணர்ந்து அவர் கண்முன்னே நீரிற் கழுவினர். மண் கரைந்தோட, அடியிற் பொன்துகள் மின்னிற்று. 120 ராத்தல் மண்ணுக்கு ஒரு கிரெயின் பொன், அதாவது ஒரு குன்றிமணி எடையில் ஏறத்தாழப் பாதி, கிடைத்தது என்று அவர் கணக்கிட்டார். இக்காலக் கணக்கில் டன்னுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மிகுதி எனலாம்.

பின்னர் மாரிக்குப்பத்தின் பக்கத்தில் மற்றொரு காட்சியைக் கண்டார். முப்பது, நாற்பது அடி ஆழமுள்ள குழிகளில் ஆடவர் இறங்கிக் கல்லை உடைத்துக் கூடைகளிற் கைமாற்றி மேலேற்றினர். மகளிர் அக்கற்களைப் பாறைமேல் வைத்து இடித்துப் பொடியாக்கி நீரிற் கழுவிப் பொன் எடுத்தனர். யந்திரம் இல்லை, வெடிமருந்து இல்லை. ஆயினும், பொன் மண்ணில் மட்டுமன்றிக் கல்லினுள்ளும் உறைகின்றது என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர். இதனைத் தாம் அறியாதவர் போற் கேட்டு, அளந்து, எழுதிவைத்ததே வாரனின் பெருமை.

பொன் உறையும் பாறை

அக்குறிப்பின் அருமையை உணர, அந்நிலத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். உலகிற் பொன் கிடைக்கும் விதம் பலவாம். 1848இல் கலிபோர்னியாவில் முதலிற் கண்டது ஆற்று மணலில் ஒதுங்கிய பொன். 1886இல் தென்னாப்பிரிக்காவிற் கண்டது, பண்டை நாளிற் கூழாங்கற்கள் இறுகிய அடுக்குகளிற் கிடந்த பொன். கோலாரின் பொன் இவ்விரண்டினும் வேறானது. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து கரும்பாறையாயிற்று. பின்னர் அது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிற்று. அதன் வெடிப்புகளில் நிலத்தின் ஆழத்திலிருந்து சுடுநீர் ஏறிப் பாய்ந்து, வெண்பளிங்குக் கல்லையும் அதனுடன் பொன்னையும் படியச் செய்தது. அவ்வெண்கல் தகடுகள் நிலத்தில் ஏறக்குறைய நிமிர்ந்து நின்று மிக்க ஆழம் வரை செல்கின்றன. ஆகவே மேல்மண்ணிற் கண்ட துகள், உள்ளே நிற்கும் தகடு தேய்ந்து உதிர்ந்த சிறு பகுதியே.

வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாறைப் பட்டை கோலாரோடு முடிந்துவிடுவதில்லை. நம் சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியினுள்ளும் அது புகுகின்றது. பிசாநத்தத்திலும் சிகுருகுண்டாவிலும் பொற்சுரங்கங்கள் நடந்தது இக்காரணத்தாலேயே. சோலையார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயிலில், குப்பத்தைக் கடந்து பிசாநத்தம் என்னும் சிறு ஸ்டேஷனைக் காண்போர் பலர். அது பொன் விளைந்த பூமி என்று அறிவோர் சிலரே.

எழுதிய குறிப்பு விளைத்த பயன்

வாரனின் அறிக்கையைக் கண்ட அரசினர் பெரிதாக ஊக்கம் கொள்ளவில்லை. குன்றிமணியிற் பாதிக்காக யார் பணத்தைக் கொட்டுவர்? ஆயினும் எழுத்து அழியவில்லை. நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வுபெற்றுப் பெங்களூரில் தங்கிய லவெல்லி என்பார், எழுபது ஆண்டு கழித்து அப்பழைய குறிப்பைப் படித்துக் கோலாருக்குச் சென்றார். 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875இல் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயில் ஓடிற்று. 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்தது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது. அதன் விலையாகப் பாறை வெடிப்பில் உயிர் நீத்தோரும், கல்தூசி படிந்து நுரையீரல் நலிந்தோரும் எண்ணற்றவர். இன்று அங்கே எஞ்சி நிற்பவை சயனைடு மேடுகளே.

வானும் காலமும்

வாரனோ இவற்றுள் ஒன்றையும் காணவில்லை. அவர் 1805 முதல் சில ஆண்டுகள் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். அந்நிலையம் அமைந்த இடத்தின் தீர்க்க ரேகையைக் கணித்தார். 1807இல் தோன்றிய வால்விண்மீனை ஆராய்ந்தார். ஊசலைக் கொண்டு புவியீர்ப்பை அளந்தார். பிரான்சில் மன்னராட்சி மீண்டபின் அங்கு சென்று வந்து, இறுதியிற் புதுச்சேரியில் வாழ்ந்தார்.

அங்கும் அவர் ஊரிகத்திற் செய்ததையே செய்தார். தென்னாட்டு மக்கள் காலத்தை எவ்வாறு கணிக்கின்றனர் என்று அறிய விரும்பி, பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரிடம் வினவினார். அவர் தாளும் எழுதுகோலும் இன்றித் தரையிற் சோழிகளை வைத்து, மனப்பாடமாய்க் கொண்ட வாக்கியங்களின் துணையால், 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1ஆம் நாட்களுக்கு இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை நேர்ந்தது. இக்கணிப்பு முறையையும் தமிழரின் சௌரமான ஆண்டுக் கணக்கையும் விளக்கி, காலசங்கலிதம் என்னும் பெருநூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்குமேற் கழித்து, 1952இல் நியூகெபௌர் என்னும் மேனாட்டு அறிஞர் தமிழரின் வானியலை ஆராய்ந்தபோது அவருக்குப் பெருந்துணையாய் நின்றது இந்நூலேயாம். வாரன் 1830ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் புதுச்சேரியிற் காலமானார்.

நாம் கொள்ளத்தக்கது

வாரனைக் குறையற்றவர் என்று நாம் கூறவில்லை. கணித்தவர் அதன் தத்துவத்தை அறியாதவர் என்று அவர் மதிப்பிட்டார். அதனினும் பெருங்குறை வேறொன்று. பொன்னைக் கழுவிக் காட்டிய ஊரிக மக்களின் பெயரும், கல்லிடித்த மகளிரின் பெயரும் நம் கைக்கு வந்தில. அவர்கள் அறிவு எழுத்தில் ஏறிற்று. அவர்கள் பெயர் மண்ணொடு போயிற்று. தங்கவயலின் தலைமகன் யார் என்று வினவினால், லவெல்லி என்பாரும் உளர், வாரன் என்பாரும் உளர். முதற்கண் வணங்கத்தக்கவர் பெயரறியாத அவ்வூராரே என்பது நம் துணிபு.

அத்தகைய பெயரிழப்பு நம் தலைமுறையிலும் நேரலாகாது. ஆழச் சுரங்கத்தில் இறங்கி உழைத்த முதியோர் சிலர் இன்றும் நம் குடும்பங்களில் வாழ்கின்றனர். எந்தச் சுரங்கம், எத்தனையாவது மட்டம், உடன் உழைத்தவர் எவர், வீழ்ந்த பாறையின்கீழ் மாண்டவர் எவர் என்பவை அவர்கள் நினைவில் உள்ளன. ஓய்வுநாட்களில் நம் பிள்ளைகள் அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் தவறாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். அவற்றைச் சங்க நூலகத்திற் சேர்த்துவைப்போம். எழுபது ஆண்டு கழித்து ஒருவர் எடுத்துப் படித்தாலும் போதும். வாரன் எழுதிவைத்த குறிப்பு பயன்பட்டது அவ்வாறேயன்றோ?

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!